ஓய்வுக்காலத்தில் பாய்மரப் படகு: எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வயது 62. அரசுப் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறேன். மாதம் 36,000 ரூபாய் பென்ஷன், வங்கியில் 20 லட்சம் எஃப்.டி., கடன் எதுவும் இல்லை. பழைய பாணியில் சின்னதாக ஒரு மரப் பாய்மரப் படகு கட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 18 அடி, உள்ளே படுக்க ஓர் அறை. பகலில் போய்வரவும், எப்போதாவது ஓர் இரவு அதிலேயே தங்கவும். 7 லட்சம் ஆகும் என்கிறார் ஆசாரி. எஃப்.டி.யை உடைக்கவா, மனைவியின் நகையை அடகு வைக்கவா?

பதில்: படகு கட்டுங்கள் ஐயா. நகையை மட்டும் தொடாதீர்கள். ஒரு பைசா வருமானம் தராத பொருளுக்காக, பென்ஷனில் இருந்து மாதாமாதம் வட்டி கட்டக் கூடாது.

எனக்குக் கவலை 7 லட்சம் இல்லை, அதற்குப் பிறகு வரும் செலவுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை குளச்சல், முட்டம் பக்கம் கடல் சின்னப் படகுக்கு இடம் தராது. அது முடிந்தால் டிசம்பர் வரை புயல் பயம். ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மிச்ச மாதங்களிலும் கள்ளக்கடல் (கரையில் காற்றே இல்லாதபோதும் திடீரென எழும் பெரிய அலை) எச்சரிக்கை வந்தால் கரையில்தான் இருக்க வேண்டும்.

ஆக, பாதி வருஷத்துக்கு மேல் படகு சும்மா கிடக்கும். சும்மா கிடந்தாலும் மரப்படகுக்குச் செலவு உண்டு. வெயிலில் பலகை சுருங்கி இணைப்பு விடும். மழைத்தண்ணீர் உள்ளே தேங்கினால் மரம் உளுத்துப்போகும். சரி, மணக்குடிக் காயலிலேயே மிதக்க விடலாம் என்றால் கப்பல்புழு. வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். பலகையை அறுத்துப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கும். கொட்டகை, கரையேற்றும் கூலி, பெயிண்ட், வார்னிஷ், பாய் எல்லாம் வருஷா வருஷம் வந்து நிற்கும்.

அதனால் முதலில் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குங்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 5 லட்சம் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வரும். படகுச் செலவு அதற்குள் அடங்க வேண்டும். படகுக்கு 4 லட்சம், அதற்கு மேல் வேண்டாம். மீதி 11 லட்சம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்.

4 லட்சத்தில் முடியுமா? அறையை விட்டுவிட்டு, 15 அடியில் திறந்த படகாக விலை கேட்டுப் பாருங்கள். எப்போதாவது வரும் ஓர் இரவுக்காக அறை கட்டினால் மரமும் கூலியும் எடையும் ஏறும். பாயின் அடிக்கழி மேல் தார்ப்பாயைக் கூடாரமாக இழுத்துக் கட்டினால் காயலுக்குள் நிம்மதியாகத் தூங்கலாம். இரவில் கடலில் தங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வரியையும் கேளுங்கள். உல்லாசப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். ஆசாரி சொன்ன 7 லட்சத்துக்கு மேல் அது வந்தால் 9.8 லட்சம். பதிவுக்கும் அனுமதிக்கும் என்ன வேண்டும் என்று தமிழ்நாடு கடல்சார் வாரியத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பணத்தை ஒரே தடவையில் கொடுக்காமல் வேலை நகர நகரக் கொடுங்கள். ஐந்தில் ஒரு பங்கை, படகு தண்ணீரில் ஒரு வாரம் கிடந்து ஒழுகாமல் இருப்பதைப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

எஃப்.டி.யில் எது முதலில் முதிர்கிறதோ அதையே எடுங்கள், அபராதம் மிச்சமாகும். தபால் நிலையக் கணக்கை மனைவியோடு கூட்டாகத் திறங்கள். படகு எவ்வளவு கேட்கிறது என்று அவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரியட்டும்.