மகளின் விழாப் படம் ஸ்டூடியோ விளம்பரத்தில்! எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. போன மாதம் மஞ்சள் நீராட்டு விழா நடத்தினோம். போட்டோ, வீடியோ எடுத்த ஸ்டூடியோக்காரர்கள் அவள் படங்களை ரீல்ஸாக்கி, இன்ஸ்டாகிராமில் தங்கள் 'ஃபங்ஷன் பேக்கேஜ்' விளம்பரமாக ஓட்டுகிறார்கள். மேக்கப் போட்டவர் பக்கத்திலும் அது இருக்கிறது. பசங்க கேலி பண்றாங்க, ஸ்கூலுக்கே போகமாட்டேன் என்கிறாள் பிள்ளை. ஸ்டூடியோவில் கேட்டால், "நாங்க எடுத்த போட்டோ, எங்க உரிமை" என்கிறார்கள். கணவர் நேரே போலீசுக்குப் போகலாம் என்கிறார். இத்தனைக்கும் என் இன்ஸ்டா கணக்கு பிரைவேட். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்த "எங்க உரிமை"யைப் பார்த்துவிடலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆவது பிரிவு சொல்வது வேறு. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுக்கப்படும் போட்டோவுக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கேமரா யாருடையது, எடிட்டிங் யார் செய்தது என்பதெல்லாம் இதில் வராது. பாதி ஸ்டூடியோக்களுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் ஆர்டர் ஃபார்மின் அடியில் பொடி எழுத்தில், "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஸ்டூடியோவுக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அட்வான்ஸ் கொடுத்தபோது கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, பின்பக்கமும் புரட்டிப் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இருந்தாலும் கதை முடிந்துவிடாது. 12 வயதுப் பிள்ளையின் அந்தரங்கம் என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

உங்கள் கணக்கு பிரைவேட்டாக இருப்பது இங்கே உதவாது. படம் வெளியே போனது உங்கள் கணக்கிலிருந்து அல்ல. "மண்டப வாசலில் நீங்களே ஃபிளெக்ஸ் வைத்தீர்களே" என்றும் கேட்பார்கள். சொந்தபந்தம் பார்க்க ஒரு நாள் வைத்த பேனர், யாரோ பேக்கேஜ் விற்பதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது.

ஸ்டூடியோவிடம் மறுபடி பேசுவதற்கு முன் சாட்சியத்தைப் பிடித்துவையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. ரீலின் லிங்க், கணக்கின் பெயர், தேதி, கமெண்டுகள் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுங்கள். பிறகு இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரப் பட்டியலான 'ஆட் லைப்ரரி' பக்கத்துக்குப் போய், இந்தியா, 'ஆல் ஆட்ஸ்' என்று தேர்ந்தெடுத்து, ஸ்டூடியோ பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். காசு கட்டி ஓட்டும் விளம்பரமாக இருந்தால் அது தொடங்கிய தேதியும் லைப்ரரி ஐடியும் அங்கே தெரியும். இன்றைக்கே செய்யுங்கள். நம் நாட்டில் அரசியல் சாராத விளம்பரங்கள் ஓடும்வரைதான் அந்தப் பட்டியலில் இருக்கும், நிறுத்தியதும் மறைந்துவிடும். ரெக்கார்டிங் எடுத்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். வழக்கு என்று போனால், மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து வாட்ஸ்அப்பில், வாய்ஸ் நோட்டாக இல்லாமல் எழுத்தில், இப்படி அனுப்புங்கள்: "இந்தத் தேதி விழாவுக்கு நீங்கள் எடுத்த என் மகளின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நாங்கள் சம்மதம் தரவில்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், கடை பேனர், சாம்பிள் ஆல்பம் எல்லாவற்றிலிருந்தும் 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு, எடுத்ததை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்." சாம்பிள் ஆல்பத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ரீலை அழித்துவிட்டு, கடைக்கு வருகிற ஒவ்வொரு கஸ்டமருக்கும் அதே படத்தைப் புரட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மேக்கப் கலைஞரின் பக்கத்தில் இருப்பது, ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் தெரியும் 'கொலாப்' பதிவாக இருந்தால், முதலில் போட்டவர் அழித்ததுமே இரண்டு இடத்திலும் போய்விடும். தனியாகப் பதிவேற்றியிருந்தால் அவருக்கும் தனியாக எழுத வேண்டும்.

அசையவில்லையா? இன்ஸ்டாகிராமிலேயே புகார் செய்யுங்கள். பிள்ளைக்கு 13 வயது நிரம்பாததால் பெற்றோராகிய நீங்களே அந்தரங்க மீறல் படிவத்தை நிரப்பலாம். ஆர்டர் ஃபார்மில் அந்தப் பொடி எழுத்து இல்லையென்றால், காசு கொடுத்தவர் பெயரில் பதிப்புரிமைப் புகார் கொடுப்பது பெரும்பாலும் இதைவிட வேகமாக வேலை செய்யும். புகார் கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான் என்பதால் அது பெரிய விஷயமில்லை. அதிலும் தீர்வு இல்லையென்றால் அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

சட்டத்தில் உங்களுக்குப் பலமான தூண் நம் ஊர் வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. ஆட்டோ சங்கர் வழக்கு என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். மரண தண்டனைக் கைதியின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்பதுதான் பிரச்சினை. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்று பத்திரிகைக்குச் சாதகமாகவே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உதாரணமாகவே சொல்லியிருக்கிறது. நடிகர்கள் தங்கள் முகத்துக்கும் குரலுக்கும் தடையுத்தரவு வாங்கும் செய்திகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பிரபலங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளூர் போட்டோகிராஃபர் எடுத்த ஒரு கிராமத்துப் பெண்ணின் படம், படம் விற்கும் இணையதளம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து அரசு விளம்பரங்கள் வரை ஏறிய விவகாரம் 2025-ல் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நஷ்டஈடு கேட்க நினைத்தால், சிவில் வழக்கைவிட மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே நான் முதலில் சொல்வேன். நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலை வெளியிடுவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. படமும் அதில் அடங்கும் என்று வாதாட நல்ல இடம் உண்டு. ஸ்டூடியோவுக்கு நீங்கள் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் செலவு பயமாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100-க்கும் கூப்பிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். இப்போதைக்கு நோட்டீஸில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், அதையே நம்பி உட்கார வேண்டாம்.

போலீஸ்? விளம்பரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் "பேசித் தீர்த்துக்கோங்க" என்று அனுப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் கமெண்டில் யாராவது ஆபாசமாக எழுதியிருந்தாலோ, படத்தை மார்ஃபிங் செய்திருந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் உடனே பதியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். அது வேறு குற்றம், அதற்குச் சட்டம் கடுமையானது.

கோபத்தில் அந்த ரீலை எடுத்து, "இந்த ஸ்டூடியோவைப் பாருங்கள்" என்று நீங்களே பதிவு போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் முகம் இன்னும் ஆயிரம் பேருக்குப் போகும். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய், கேலி செய்வதை நிறுத்தச் சொல்லிப் பேசுங்கள். இது எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலையிலேயே.

இனி வீட்டு விசேஷத்துக்கு ஸ்டூடியோ புக் செய்யும்போது, ஆர்டர் ஃபார்மில் பேனாவாலேயே "சமூக ஊடகத்திலும் விளம்பரத்திலும் போட அனுமதி இல்லை" என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.