பழைய டாடா 407க்கு முன்பக்க கமான், கிங் பின் எல்லாம் மாற்ற எவ்வளவு ஆகும்? மாற்றலாமா, வண்டியை விற்றுவிடலாமா?

உங்கள் வண்டி 1999 மாடல் 407. ஸ்டீயரிங் ஆடுகிறது, வலப்பக்க முன்டயர் உள்விளிம்பில் தேய்கிறது. பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கான கமான், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் எல்லாம் சேர்த்து முன்பக்கம் முழுசாகப் பிரித்துக் கட்ட பட்டறையில் நாற்பதாயிரம் சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னிடம் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வயசு 407தான், அப்பா வாங்கியது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரிசி, மளிகை, சிமெண்ட் ஏற்றிப் போகும். வரும்போது காப்பி மூட்டை, மிளகு, சில்வர் ஓக் கட்டை என்று கிடைத்த லோடு. 2025 ஆடியில் முன்பக்கத்தை முழுசாகப் பிரித்துக் கட்டினேன். கூலியோடு சேர்த்து 28,800 ரூபாய் ஆனது. ஆனால் இந்தத் தொகையை மட்டும் வைத்து உங்கள் பட்டறைக்காரர் சொன்னதை அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முந்தைய இரண்டு வருடம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் ஷாக் அப்சர்பர். ஆட்டம் நிற்கவில்லை. அப்புறம் ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராடு எண்ட். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒரு பட்டறையில் கிங் பின் சுற்றும் வளையமான புஷ்ஷை மாற்றினார்கள். லேத்துக்குக் கொண்டுபோகாமல் சுத்தியலால் அடித்தே இறக்கிவிட்டார்கள். ரீமர் போட்டுப் புஷ்ஷின் உள்பக்கத்தை அளவுக்குச் சீவாததால் பின் இறுகிப்போய், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கத் தோள் வலித்தது. சில மாதத்தில் அந்தப் புஷ்ஷே ஒரு பக்கமாகத் தின்று, பழைய ஆட்டம் திரும்ப வந்தது. அதற்குள் புது முன்டயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரிய தேய்ந்துவிட்டன. 7.50-16 டயர் ஒரு ஜோடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தில் முன்பக்க வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்களே ஒன்று பார்த்துவிடுங்கள். முன் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். டயரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆடினால், ஒருவரை ஏற்றி பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். ஐந்து நிமிட வேலைதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் தேவையில்லாத சாமானை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

செலவை உண்மையில் தீர்மானிப்பது புஷ்ஷும் பின்னும் இல்லை, கிங் பின் உட்காரும் ஆக்ஸில் ஓட்டை. சீலநாயக்கன்பட்டி பக்கம் நான் விட்ட பட்டறையில் மேஸ்திரி அண்ணன் பழைய பின்னைத் தட்டி எடுத்ததும், ஓட்டையை டீசல் துணியால் துடைத்து, லைட் அடித்து, விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். அப்புறம் புதுப் பின்னில் எண்ணெய் தடவி இறக்கினார். கட்டைவிரல் அழுத்தத்துக்கு மெதுவாக வழுக்கிப் போய் நின்றது, பக்கவாட்டில் இம்மி அசையவில்லை. "தம்பி, ஆக்ஸில் பொழச்சுது. இது ஓவலாயிருந்தா செலவே வேற" என்றார். ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் எந்த கம்பெனி பின் போட்டாலும் நிற்காது. லேத்தில் பெரிதாக்கி ஸ்லீவ் போட வேண்டும், இல்லை வேறு ஆக்ஸில் தேட வேண்டும். உங்களுக்குச் சொன்ன நாற்பதாயிரத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

என் கணக்கு இப்படி. கிங் பின் செட் இரண்டு பக்கத்துக்கும் 2,400. லேத்தில் புஷ்ஷை பிரஸ் பண்ணி ரீமர் போட 1,200. கமானைச் சேஸோடு (வண்டிச் சட்டத்தோடு) பிடிக்கும் சேக்கிள் பின், புஷ் 1,600. கமானை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் நான்கும், பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் இரண்டும் 1,000. ஷாக் ஒரு ஜோடி 2,900. டை ராடு எண்ட், டிராக் லிங்க் எண்ட் 2,300. வீல் பேரிங் நான்கும் ஆயில் சீலும் 3,400. கமானுக்கு மட்டும் 7,800. கூலி 5,500, அலைன்மென்ட் 700. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாக், டை ராடு எண்ட் மாதிரி சாமான்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. நான் பழைய வரியில் வாங்கினேன், நீங்கள் பில்லில் பார்த்து வாங்குங்கள். மூன்று நாள் வண்டி நின்றது. ஆடியில் வாடகை குறைவு என்பதால் தாங்கியது. காப்பி பறிப்பு நடக்கும் மார்கழி, தையில் பிரித்திருந்தால் அந்த நஷ்டமும் சேர்ந்திருக்கும்.

கமானில் நான் மெயின் பட்டையும் இரண்டாவது பட்டையும் மட்டும் புதிதாகப் போட்டு, மற்றதை வளைவு ஏற்றிக் கட்டினேன். சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பட்டையையும் பாருங்கள். இருந்தால் வளைவு ஏற்றுவது வீண். வண்டி தொங்குகிறது என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். கமான் விறைத்துப் போனால் குழியின் அடி நேராகக் கிங் பின்னுக்கும் சேஸுக்கும் இறங்கும். ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கிலேயே வருவதால் பாரமும் முன்னால்தான் சாயும். மலை ஓட்டுகிறவருக்கு இந்த இடத்தில் சிக்கனம் ஆகாது. பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடவே கூடாது.

விற்பதா என்ற கேள்விக்கு: சேஸில் கமான் பிராக்கெட் இருக்கும் இடத்தில் விரிசலோ பழைய வெல்டிங்கோ இல்லாமல், ஆக்ஸில் ஓட்டையும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், எப்படியும் ஸ்டீயரிங் ஆட்டத்தோடு அதில் தேற முடியாது. ஆட்டத்தோடு விற்கப் போனால் வாங்குகிறவர் இந்தச் செலவைப்போல இரண்டு மடங்கு விலையில் குறைப்பார். சேஸில் விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

வேலை முடிந்து லோடோடு 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒருமுறை முறுக்கிவிடுங்கள், புதுக் கமான் உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது அடிக்க வேண்டும். பாரத்தோடு நிற்கும் வண்டிக்கு அடித்தால் கிங் பின்னில் பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் போகாது. பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே தள்ளப்பட்டு, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்கச் சொல்லுங்கள்.