மீட்டர் காட்டும் எண்ணும் குழாய் நீரும்

கேள்வி: பினாங்கின் பிறை நகரில் பழைய அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடியில் இருக்கிறோம். சென்ற மாதம் தண்ணீர்த் தடைக்குப் பிறகு இரண்டு நாள் குழாயில் தேநீர் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்துவிட்டது. வடிகட்டி விற்க வந்தவர் ஒரு மீட்டரை விட்டு ‘68’ என்று காட்டினார். இரண்டு கம்பிகளை நீரில் இறக்கியதும் தண்ணீர் பழுப்பாகக் குழம்பியது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி, மூத்தவனுக்கு இரண்டு வயது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். அது போதுமா?

மருத்துவர் பதில்: முதலில் அந்தக் கம்பிகளை மறந்துவிடுங்கள், அம்மா. நீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே கரைகிறது. நீங்கள் பார்த்த பழுப்பு அந்தக் கம்பியின் துரு.

மீட்டர் காட்டியது கரைந்த உப்புகளின் மொத்த அளவு. மலேசியக் குடிநீர்த் தரத்தில் அதற்கான உச்சவரம்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம், ஆகவே 68 பயப்படும் எண் அல்ல. ஆனால் அந்த எண்ணை நம்பி நிம்மதியும் அடையாதீர்கள். குழந்தைகளுக்குக் கெடுதலான ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். மீட்டரில் எண் ஒன்று கூடுவதற்குள் ஈயம் அந்த வரம்பைப் போல நூறு மடங்கு ஏறியிருக்கும். கிருமியை அந்த மீட்டர் காட்டவே காட்டாது.

தேநீர் நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பும் மங்கனீசும். தடை முடிந்து அழுத்தம் திரும்பும்போது குழாய்ச் சுவரில் படிந்தவை பெயர்ந்து வரும். ஓரிரு நாள் வந்த இரும்பால் பெரிய தீங்கில்லை, வெள்ளைத் துணியில்தான் கறை படியும். எனக்குக் கவலை தருவது வேறு. குழாயில் அழுத்தம் இறங்கியிருக்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளியே இருக்கும் அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படலாம். அதனால் அந்த நாட்களில் நீங்கள் காய்ச்சிக் குடித்தது சரியான செயல்.

1983 முதல் சுகாதார அமைச்சு தேசிய அளவில் குடிநீரைக் கண்காணிக்கிறது. ஆற்று நீர், சுத்திகரிப்பு நிலையம், சேமிப்புத் தொட்டி, விநியோகக் குழாய் என்று பல இடங்களில் மாதிரி எடுப்பார்கள். பினாங்குக்குப் பெரும்பகுதி நீர் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கே முடிவு நன்றாக இருப்பதும் உங்கள் மாடித் தொட்டி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. கட்டடத்துக்குள் இருக்கும் தொட்டியும் குழாய்களும் நிர்வாகத்தின் பொறுப்பு. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா, வழிந்தோடும் குழாயில் வலை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது.

நீங்களே செய்யக்கூடியது குளோரின் சோதனை. குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டி.பி.டி. மாத்திரை வைத்த சோதனைப் பெட்டி வாங்குங்கள். தொட்டிக்குப் போகாமல் நேராகப் பிரதான குழாயிலிருந்து வரும் கீழ்த்தளக் குழாயிலும் உங்கள் சமையலறையிலும் நீர் பிடித்து உடனே பாருங்கள், வைத்துப் பார்த்தால் குளோரின் பறந்துவிடும். எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் குளோரின் இருந்து, உங்கள் சமையலறையில் இல்லையென்றால் சந்தேகம் தொட்டியின் மேல்.

ஈயத்துக்கும் கிருமிக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தேவை. பலர் தவறுவது மாதிரி எடுக்கும் இடத்தில்தான். ஈயத்துக்கு, குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமலிருந்து, விடியற்காலையில் கழிவறையைக்கூடப் பயன்படுத்தும் முன் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். ‘நல்ல தண்ணீராக வரட்டும்’ என்று திறந்துவிட்டால் ஈயம் ஓடிப்போய்விடும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது புட்டியைப் பிடியுங்கள். முதலாவதில் மட்டும் அதிகம் என்றால் உங்கள் வீட்டுக் குழாயோ பித்தளைப் பாகமோ காரணம், இரண்டிலும் அதிகம் என்றால் கட்டடத்தின் குழாய்.

கிருமிக்கு முறை தலைகீழ். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகு, ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில் பிடியுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொருள் குளோரினை முறிப்பதற்காக வைத்தது, அலசிக் கொட்டிவிடாதீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது சிறப்பு, ஒரு நாளைத் தாண்டவே கூடாது. 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டும் இ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

காய்ச்சினால் கிருமி சாகும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஈயம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆகவே கெட்டிலில் மிஞ்சியதைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காதீர்கள். முடிவு வரும்வரை காலையில் முதலில் வரும் தண்ணீரை ஐந்து நிமிடம் வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கும் பாலுக்கும் ஹீட்டர் தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த குழாய் நீரே எடுங்கள். வடிகட்டி வாங்குவதென்றால் ஈயத்தைக் குறைப்பதாக என்.எஸ்.எஃப். 53 என்ற வடிகட்டித் தரச் சான்று உள்ளதா என்று பாருங்கள். சாதாரணக் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், மாற்றாமல் விட்டால் உள்ளேயே கிருமி வளரும்.

ஈயம் 0.01க்கு மேல் வந்தால் அறிக்கையோடு அரசு கிளினிக்குக்குப் போய் உங்களுக்கும் மகனுக்கும் இரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் வரும் வழியைத் தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரும்புச்சத்து குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், ஆகவே மகப்பேறு கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுபடியும் நிறம் மாறினால் நாள், நேரம், மாடி எண்ணைக் குறித்து, ஒரு படமும் எடுத்து, நீர் விநியோக நிறுவனத்துக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.