பூங்காவுக்கு வருகிறவர்கள் புத்தகத்துக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 14 பெண்கள் தினமும் காலை 5.45 மணிக்குப் பூங்காவில் கூடி உடற்பயிற்சி செய்கிறோம். எட்டு மாதமாக விடாமல் நடக்கிறது. அதே குழுவில் நாவல் வாசிப்பும் தொடங்கினோம். மாதம் ஒரு ஞாயிறு கூட்டம். முதலில் எடுத்தது ‘பொன்னியின் செல்வன்’, மாதம் ஒரு பாகம். முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள், மூன்றாவதுக்கு நான்கே பேர். படிக்காதவர்களை எடுத்துவிடலாமா? இன்னொன்று: இருவருக்குத் தோப்புக்கரணம் போட்டால் முழங்கால் வலிக்கிறது. எல்லோரும் சேர்ந்து 20 எண்ண வேண்டும் என்பது எங்கள் விதி. அவர்களுக்காக அதைத் தளர்த்தலாமா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: முழங்காலை முதலில் பார்ப்போம், அது நாளைக் காலையே மாற வேண்டியது. விதியைத் தளர்த்த வேண்டாம், எடுத்தே விடுங்கள். எண்ணிக்கை பொதுவாக இருந்தால் பலவீனமானவர் பலமானவரின் வேகத்துக்கு ஓடுகிறார். பன்னிரண்டாவது, பதிமூன்றாவது முறையில் தொடை களைத்துவிடும். அதற்குமேல் குதிகால் தரையை விட்டு எழும்பும், முட்டிகள் உள்பக்கம் சாயும், மூச்சு அடைபடும். வலி அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தைப் பொதுவாக வையுங்கள். ஒருவர் கடிகாரம் பார்த்து 40 விநாடி செய்யச் சொல்லட்டும், 20 விநாடி ஓய்வு. அந்த நாற்பதுக்குள் ஒருவர் பதினைந்து போடுவார், இன்னொருவர் ஆறு போடுவார். இருவரும் சேர்ந்தே தொடங்கிச் சேர்ந்தே முடிக்கிறார்கள், யாரும் பின்தங்கவில்லை.

வலி உள்ள இருவருக்கும் தோப்புக்கரணத்தை நிறுத்திவிட்டு நாற்காலி கொடுங்கள். நகராமல் இருக்க அதைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பாதங்கள் இடுப்பு அகலத்தில். இடுப்பைப் பின்னால் தள்ளி, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்கி, உட்கார்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். முட்டி கால்விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். அப்போதும் வலித்தால் இருக்கையில் ஒரு தலையணை வையுங்கள். ஆழமாக மடக்க மடக்க முட்டிச் சில்லின் பின்னால் அழுத்தம் கூடும், தலையணை அந்த ஆழத்தைக் குறைக்கும். வீக்கம் இருந்தாலோ, முட்டி நடுவில் பூட்டிக்கொண்டாலோ மருத்துவரைப் பார்க்காமல் தொடரக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். பூங்காக் குழுக்களில் கையை வீசுவதும் நடையுமே பெரும்பகுதி. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி சொல்கிறது, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது. அந்த இரண்டாம் பாதிதான் விட்டுப்போகிறது. நாற்காலிப் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகால் உயர்த்துவது மூன்றும் இருந்தாலே நல்ல தொடக்கம். ‘மிதமான’ என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அடுத்தது, சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரலாமா என்று தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுக்கமும் வியர்வையும் வந்தால் கொடுக்கக் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று குழுவிடம் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம் என்று யாராவது சொன்னால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது, நேரே மருத்துவமனை.

இப்போது நாவல். யாரையும் நீக்காதீர்கள். அந்தப் பத்துப் பேரும் விடியற்காலையில் எழுந்து பூங்காவுக்கு வருகிறவர்கள், அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது. பூங்காவுக்கு வர முன்வேலை எதுவும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் வந்த இடத்தில், எல்லோர் நடுவிலும் நடக்கிறது. உங்கள் நாவல் கூட்டத்துக்கு முப்பது நாள் வீட்டில் தனியாகப் படித்துவிட்டுக் கணக்குக் காட்ட வர வேண்டும். பாதி படித்தவர் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுகிறார். அடுத்த மாதம் அவர் ஒன்றரைப் பாகம் பின்னால் இருப்பார், அதன்பிறகு எப்படி வருவார்?

எடுத்த நூலும் காரணம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், பெரும்பாலான பதிப்புகளில் 2000 பக்கத்துக்கு மேல். மாதம் 400 பக்கம் என்றால் நாளுக்கு 13, 14 பக்கம். நிதானமாகப் படித்தால் தினமும் அரை மணி. வேலையும் வீடும் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த அரை மணி அமையாது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் வந்த தொடர் அது. அத்தியாயங்கள் ‘அடுத்து என்ன’ என்ற தவிப்பில் முடிவது, ஒரு வாரம் காத்திருக்கப்போகும் வாசகருக்காக. அதை மாதம் ஒரு பாகமாக விழுங்கச் சொன்னது உங்கள் அட்டவணை.

முறையை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 75 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். முதல் 20 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும், எட்டுப் பத்துப் பக்கம் போய்விடும். வீட்டில் ஒரு வரி படிக்காதவருக்கும் இப்போது பேச ஏதோ இருக்கிறது. வாசிக்கத் தயங்குகிறவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். எல்லோரும் ஒரே பதிப்பை வாங்குவது முக்கியம், இல்லையென்றால் பக்க எண் தேடுவதிலேயே நேரம் போய்விடும். திருட்டுப் பிடிஎஃப் சுற்றுக்கு விட வேண்டாம். விலை சிரமமென்றால் கிளை நூலகத்தில் உறுப்பினராகலாம்.

பேச்சில் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நன்றாகப் படித்த ஒருவர் நாற்பது நிமிடம் கதையைச் சொல்லி முடித்துவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள், குறைவாகப் படித்தவர் முதலில் பேசட்டும். ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பதோடு நின்றுவிடும். ‘எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தீர்கள்?’ என்று கேளுங்கள். அந்த வரிகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அன்று எந்த அத்தியாயம் வரை பேசலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு தெரிந்தவர் அதைத் தாண்டக் கூடாது.

தொடங்க, சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ எடுங்கள். சல்லிக்கட்டுக் களத்தில் நடக்கும் சிறிய நாவல், நூறு பக்கத்துக்குள். பேச்சுமொழி உங்கள் வட்டாரத்தது, சத்தமாக வாசித்தால் அதன் வேகம் காதில் விழும். முடிந்தவர்கள் மீதியை வீட்டில் படித்தால் மூன்று நான்கு அமர்வில் முடித்துவிடலாம். ஒரு நூலை முடித்த மகிழ்ச்சி குழுவுக்குக் கிடைத்தபின் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. குடத்தோடு அலையும் பெண்களின் கதை, பேசத் தூண்ட வேண்டியிருக்காது. பொன்னியின் செல்வனை அதன்பிறகு எடுங்கள், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று, அவசரமில்லாமல்.

வராமல் போன பத்துப் பேருக்கும் இன்று மாலையே செய்தி அனுப்புங்கள்: “ஞாயிறு நாலரைக்கு வாங்க. எதுவும் படிச்சிட்டு வர வேண்டாம், அங்கேயே சேர்ந்து படிக்கிறோம்.”