வரிக்குப் பயந்து விலைவாசியை மறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து, 58 வயதில் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 40 லட்சம் ரூபாய் வரும். பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 4,500 ரூபாய் அளவில் இருக்கும் என்கிறார்கள். வீடு சொந்தம், கடன் இல்லை, எங்கள் இருவருக்கும் மாதம் 28,000 ரூபாய் செலவாகிறது. வரி அதிகம் போகாமல் இருக்க இந்தப் பணத்தை எதில் போடலாம்?

பதில்: இதே கேள்வியை இதே வரிசையில் கேட்டுப் பலர் எழுதுகிறார்கள்: முதலில் வரி, பிறகுதான் வாழ்க்கை. கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் போடலாம். பொதுவாக 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்றாலும், 55 வயதுக்கு மேல் பணி ஓய்வு பெற்றவர்கள் அந்தப் பணம் கைக்கு வந்த 3 மாதங்களுக்குள் சேரலாம். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம், சேரும் நாளில் உள்ள வட்டியே 5 ஆண்டுகளுக்கும் நிற்கும். 30 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 2,46,000 ரூபாய், அதாவது மாதக் கணக்கில் 20,500 ரூபாய். ஓய்வூதியத்தையும் சேர்த்தால் உங்கள் ஆண்டு வருமானம் 3 லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. வரி பிடிக்க வேண்டாம் என்ற சுயஅறிவிப்புப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் மறக்காமல் கொடுத்துவிட்டால், நீங்கள் பயப்படும் வரிப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது.

தீராதது வேறு. இன்று உங்களுக்கு மாதம் 3,000 ரூபாய்தான் துண்டு விழுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய 28,000 ரூபாய்ச் செலவு உங்களுடைய 70ஆவது வயதில் 56,000 ஆகும். 82இல் அதுவும் இரட்டிப்பாகும். வட்டி அசலைப் பொறுத்தது என்பதால் அது ஏறாது. பி.எஃப். ஓய்வூதியமோ, உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்திருந்தாலும், 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்து (2014 செப்டம்பருக்கு முன் அது 6,500 ரூபாய்) கணக்கிடப்படுவது. அரசு ஊழியரின் அகவிலைப்படியைப் போல ஆண்டுதோறும் ஏறும் ஏற்பாடு அதில் இல்லை.

ஆகவே 30 லட்சம் போக மீதமுள்ள 10 லட்சத்தில் 3 லட்சத்தை அவசரத்துக்கு வங்கியில் வைத்துவிட்டு, 7 லட்சத்தைப் பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் சிறுகச் சிறுகப் போட்டு, 8 ஆண்டுகளாவது தொடாமல் இருங்கள் என்பது என் யோசனை. சந்தை விழும் ஆண்டுகளில் வயிற்றைக் கலக்கும். அதைத் தாங்க முடியாதவர் தொகையைப் பாதியாக்கிக்கொள்ளலாம், ஆனால் முழுவதையும் நிலையான வட்டியிலேயே பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று நான் நினைக்கவில்லை. துண்டு விழும் 3,000 ரூபாய்க்கு இன்னும் சில ஆண்டுகள் அரைநாள் வேலை பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவருக்குக் கோவையில் ஏதாவது ஒரு பட்டறை வேலை கொடுக்காமல் போகாது. ஆலை வழியாகக் குழுக் காப்பீடு இருந்தால், அது உங்கள் ஓய்வோடு பெரும்பாலும் முடிந்துவிடும்; அதற்கு முன்பே சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுங்கள். தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிவிட்டது.

கேள்வி: எனக்கு வயது 28, சென்னையில் மென்பொருள் வேலை, ஆண்டுச் சம்பளம் 11 லட்சம். புதிய வரி முறையில் சேமிப்புக்கான 80சி வரிச் சலுகை இல்லாததால் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கட்டுவதை நிறுத்திவிட்டேன். அப்பா கோபப்படுகிறார். சலுகையே இல்லாதபோது எதற்காகக் கட்ட வேண்டும்?

பதில்: அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அவர் சொல்லும் காரணம் வேறாக இருந்தாலும். மார்ச் மாதம் வந்தால் அலுவலகத்தில் ரசீது கேட்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சேமித்த தலைமுறை அவருடையது. பாதிப் பேர் வாங்கிய பாலிசிகள் மோசமானவைதான். ஆனாலும் 60 வயதில் அவர்கள் கையில் ஏதோ இருந்தது. அந்தக் கட்டாயத்தை அரசு இப்போது எடுத்துவிட்டு, உங்கள் பணம் உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டது. வரிச்சட்டம் எளிமையானது நல்லது. எனினும் இந்தச் சுதந்திரத்தைக் கொண்டாடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் சம்பளத்துக்கு 2024-25ஆம் ஆண்டின் புதிய முறையில் 55,900 ரூபாய் வரி வந்திருக்கும். 2025-26இல் பூஜ்யம். மாதத்துக்கு 4,600 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் அந்தப் பணம் இப்போது எங்கே போகிறது என்று உங்கள் வங்கிக் கணக்கைப் பாருங்கள். அதில் 4,500 ரூபாயை மாதச் சம்பளம் வந்த மறுநாளே எஸ்.ஐ.பி.யாக (ஃபண்டில் மாதாமாதம் போடும் தவணையாக) எடுத்துக்கொள்ளும்படி செய்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி கிடைக்கும் பட்சத்தில் 30 ஆண்டுகளில் ஒரு கோடி ரூபாய் சேரும். விளம்பரங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளும். 6 சதவீத விலைவாசி ஏற்றத்தில் அந்தக் கோடியின் இன்றைய மதிப்பு 17 லட்சம் சொச்சம்தான். எனவே சம்பளம் ஏறும்போதெல்லாம் தொகையையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பி.பி.எஃப். கணக்கை மூடவும் வேண்டாம், ஆண்டுக்கு 500 ரூபாயாவது கட்டி உயிரோடு வைத்திருங்கள், அதன் 7.1 சதவீத வட்டிக்கு எந்த முறையிலும் வரி இல்லை.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுச் செலவு குறையவே இல்லையே? (ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: இரண்டும் உண்மைதான். 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 0.25 சதவீதமாக இருந்தது. முந்தைய ஆண்டு உச்சத்தில் இருந்த காய்கறி விலை இறங்கியதும், ஜி.எஸ்.டி. குறைப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏற்கெனவே ஏறிய விலை அப்படியேதான் நிற்கும். மேலும் அன்று கணக்கில் இருந்த 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட செலவுப் பட்டியலில் உணவுக்கு ஏறத்தாழ 46 சதவீதம், மருத்துவத்துக்கு 6 சதவீதமே இடம். சர்க்கரை நோயும் மூட்டுவலியும் உள்ள முதியவர்கள் வீட்டின் செலவு இந்த விகிதத்திலா இருக்கிறது? போன ஆண்டு இதே மாதச் செலவை நோட்டில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அதுதான் பணவீக்கம். உங்களுக்காவது ஓய்வூதியத்தில் அகவிலைப்படி உண்டு. மேலே எழுதியிருக்கும் கோவைக்காரருக்கு அதுவும் இல்லை.

கேள்வி: கணவர் இறந்துவிட்டார், எனக்கு 66 வயது. மதுரையில் உள்ள வீட்டின் மாடி வாடகை 9,000 ரூபாயும் சிறிய குடும்ப ஓய்வூதியமும்தான் வருமானம். தொழில் கடன் வாங்குவதற்காக வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி மகன் கேட்கிறான். நல்ல பிள்ளைதான். எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நல்ல பிள்ளைக்கும் தொழில் நொடிக்கலாம். அப்போது கடன் கொடுத்தவர் வீட்டைத்தான் எடுத்துக்கொள்வார். தான செட்டில்மெண்ட் எழுதிய நாளிலிருந்து அந்த 9,000 ரூபாய் வாடகையும் சட்டப்படி உங்களுடையது அல்ல. உயில் எழுதுங்கள், உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

எப்படியும் எழுதிக் கொடுப்பது என்று முடிவானால், உங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், வாழும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்ற வாசகமும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வீட்டைத் தாயிடமே ஒப்படைக்கச் சொன்னது. பராமரிப்பதாக மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழித் தாள் அவர் கையில் இருந்தது. மகனின் ஆள் அல்லாத வேறொரு பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ வரைவைக் கொடுத்து, உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள்.