ராத்திரி ரெண்டு மணிக்கு வரும் அந்த வலி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி அனுப்பிய யாருடைய பெயரையும் போடவில்லை. ஊர், வயது, வேலை மட்டும் இருக்கிறது. நான் சர்ஜரி ஓ.பி.யில் 27 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். ஆசனவாய்க்குள் திடீரென்று வந்து, தானாகவே போய்விடும் இந்த வலி 34 வயதிலிருந்து எனக்கும் உண்டு. நான் டாக்டர் இல்லை என்பதால் மருந்தின் அளவு எழுதித் தர மாட்டேன். மற்றபடி எதையும் மறைக்காமல் சொல்கிறேன், நீங்களும் மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

ஆம்பூர், ஷூ கம்பெனி, ஆண், 41: அக்கா, நாலு மாசமா ஒரு வலி. தூங்கினு இருக்கும்போது ஆசனவாய்க்கு உள்ளே, கொஞ்சம் மேல, கத்திய விட்டுத் திருகுற மாதிரி வருது. பத்து நிமிஷம். அப்புறம் இன்னா தேடினாலும் வலி இல்ல. ரத்தமும் இல்ல. மூலம்னு நெனச்சி ரெண்டு டியூப் மருந்து தடவிட்டேன், கேக்கல. இது இன்னாக்கா?

தம்பி, எனக்கு முதல் தடவை வந்தது பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி. பாத்ரூமில் சிமெண்ட் தரையில் முட்டி போட்டு, தண்ணீர் அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வேர்த்துக் கொட்டியது. கத்தினால் மாமியார் எழுந்துவிடுவார் என்று முந்தானையைக் கடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி வலி போய்விட்டது. உள்ளங்கையில் அண்டா விளிம்பின் தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. காலையில் அதுவும் இல்லை. எனக்கு வலித்தது என்பதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

சர்ஜரி ஓ.பி.யிலேயே வேலை செய்தும் ஒரு வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு டாக்டரிடம் சொன்னேன். அவர் கை வைத்துப் பார்க்காமலே மூலம் என்று எழுதினார். இரண்டு மாதம் களிம்பு தடவினேன், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு டாக்டர்தான் முழுதாகப் பரிசோதித்துவிட்டு, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றார். ப்ராக்டால்ஜியா ஃபியூகாக்ஸ். 'ஃபியூகாக்ஸ்' என்றால் லத்தீனில் ஓடிப்போவது. தைசன் என்ற டென்மார்க் டாக்டர் 1935ல் வைத்த பெயர். அதைக் கேட்டதும் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். கேன்சர் என்று நினைத்துப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

நடப்பது இதுதான். நமக்குக் கெண்டைக்காலில் குரக்களி இழுக்கிறதே, அதுபோல மலக்குடலின் கீழ்ப்பக்கத்துத் தசை இறுகிக்கொள்கிறது என்றுதான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஏன் இறுகுகிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. குடல் கோளாறுகளை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கும் ரோம் அளவுகோலில், 2016ல் திருத்தியபோது, இதற்கு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். வலி திரும்பத் திரும்ப வரும். வெளிக்குப் போவதோடு சம்பந்தம் இருக்காது. சில வினாடியிலிருந்து அதிகபட்சம் 30 நிமிடத்துக்குள் முடியும். இரண்டு வலிக்கு நடுவில் அந்த இடத்தில் எந்த வலியும் இருக்காது. வேறு நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் இந்தப் பெயரை வைக்க வேண்டும். நீங்கள் எழுதியது அச்சாக இதுதான் போல இருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை சர்ஜனிடம் காட்டிவிடுங்கள். மூலத்துக்கு வாங்கிய டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

குடியாத்தம், பெண், 36: வலி வரும்போது இன்னா பண்றதுக்கா? மாத்திரை போட்டா நிக்குமா?

மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்ய அரை மணி ஆகும். வலி அதற்குள் போய்விடும். மாத்திரையால் நின்றது என்று நாம் நினைத்துக்கொண்டு அடுத்த தடவை இரண்டு போடுவோம். வயிறுதான் புண்ணாகும்.

சூடுதான் பலருக்குக் கேட்கிறது. அகலமான பிளாஸ்டிக் டப்பில் இடுப்பு முங்குகிற அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. ஆனால் நடுராத்திரி எழுந்து அடுப்பு பற்றவைத்து தண்ணீர் காய்வதற்குள் வலி போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் படுக்கும்போதே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி, டப்பையும் பாத்ரூமில் வைத்துவிடுவோம். முடியாதவர்கள் ரப்பர் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி அடியில் வைத்து உட்காரலாம்.

தண்ணீர் இல்லாவிட்டால், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து முட்டியை வயிற்றோடு சேர்த்து, வாயால் நீளமாக மூச்சு விடுங்கள். முக்கவே முக்காதீர்கள். வெளிக்கு வருகிற மாதிரி இருக்கும், போய் உட்கார்ந்து முக்கத் தோன்றும். எனக்கு அதனால் வலி கூடியதுதான் மிச்சம்.

அடிக்கடி வருகிறவர்களுக்கு, ரொம்ப நேரம் நீடிக்கிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துகள் உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் சால்புடமால் பஃப் வலி நேரத்தைக் குறைக்கிறது என்று 1996ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இதய நோய் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பஃப்பை வாங்கி இழுத்துப் பார்க்காதீர்கள். தசையைத் தளர்த்த டில்டியாசெம், நைட்ரோகிளிசரின் களிம்புகளும் தருவார்கள். நைட்ரோகிளிசரின் தலைவலி கொடுக்கும். ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். வெட்கப்பட்டு இதை மட்டும் டாக்டரிடம் மறைத்துவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி, ஆண், 52: எல்லாம் சூடு. வேலூர் வெயிலுக்கு வராம இருக்குமா? எண்ணெய் தேச்சிக் குளிச்சா போவாதா சிஸ்டர்?

வெயிலுக்கும் ஆசனவாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்னி நட்சத்திரத்தில் நம்மூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது வேர்வையில் தண்ணீர் போய், மோஷன் கட்டியாகி, வெடிப்பு வரும். அந்த வலி வெளிக்குப் போகும்போது கண்ணாடி அறுப்பது போல இருக்கும், போன பிறகும் எரியும், பேப்பரில் சொட்டு ரத்தம் தெரியும். அதற்குத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், கேழ்வரகுக் களி எல்லாம் நல்லது. இந்த ஓடிப்போகும் வலி பனி கொட்டும் மார்கழியிலும் வரும். எண்ணெய்க் குளியல் உங்களுக்கு இதமாக இருந்தால் குளியுங்கள். அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 52 வயதில் புதிதாக ஆரம்பித்த வலி என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

பேர்ணாம்பட்டு, பீடி சுற்றும் பெண், 45: எனக்கு ராத்திரி இல்லக்கா. பகல்ல, உக்காந்து சுத்த சுத்த உள்ள பாரமா, மந்தமா வலிச்சிகினே கீது. எழுந்து நடந்தா தேவல.

உங்களுடையது வேறு. அரை மணிக்கு மேல் நீடித்து, உட்கார்ந்தால் கூடும் மந்தமான வலிக்கு லெவேட்டர் தசை வலி என்று பெயர். இடுப்புக்குள் தொட்டில் மாதிரித் தாங்கும் தசை எந்நேரமும் இறுகியே இருப்பதால் வருகிறது என்று கருதுகிறார்கள். டாக்டர் விரலால் அந்தத் தசையை இழுத்துப் பார்த்தால் வலிக்கும். பயோஃபீட்பேக் என்ற பயிற்சி இதற்கு நன்றாகக் கேட்கிறது. தசையைத் தளர விடுவதற்கு இயந்திரத்தின் உதவியோடு கற்றுத் தருவார்கள். பிசியோதெரபி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள். முறம் மடியில் இருக்கும்வரை எழுந்திருக்க மனம் வராது, தெரியும். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். யாராவது இறுக்கிப் பிடிக்கும் உடற்பயிற்சி சொன்னால் உங்களுக்கு வேண்டாம்.

அணைக்கட்டு, பெண், 23: மாசத்துல அந்த மூணு நாள் மட்டும் வெளிக்குப் போனா உள்ள குத்துது. அம்மா, கல்யாணம் ஆவாத பொண்ணு அங்கெல்லாம் காட்டக்கூடாதுன்னு சொல்றாங்க.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெண் மருத்துவரிடம் போ கண்ணு. மாதவிலக்கோடு சேர்ந்து வந்து சேர்ந்து போகும் வலிக்கு எண்டோமெட்ரியோசிஸ் காரணமாக இருக்கலாம். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியான திசு வெளியே, குடல் பக்கத்தில்கூட வளர்வது அது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் இல்லை என்று ஆகிவிடாது. எந்த நாளில் வலித்தது என்று தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து எடுத்துப் போ. உன் சம்மதம் இல்லாமல் யாரும் உன்னைப் பரிசோதிக்க முடியாது என்பதை அம்மாவிடம் சொல்.

வாணியம்பாடி, தாய்: ஏழு வயசுப் பையன் ராத்திரில பின்னாடி கைய வெச்சிகினு அழுவறான்.

அரிப்பா என்று கேளுங்கள். ராத்திரியில் அரித்தால் பெரும்பாலும் கீரிப்பூச்சி. டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளை நூல் மாதிரி நெளியும். குழந்தை டாக்டரிடம் பூச்சி மருந்து கேளுங்கள், வீட்டில் எல்லாரும் சாப்பிடச் சொல்வார். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ராணிப்பேட்டை, லாரி ஓட்டுநர், 48: சுகர் கீது. மூணு நாளா பின்னாடி விண்ணு விண்ணுனு தெறிக்குது, உக்கார முடியல, ஜுரமும் கீது. இதுவும் அந்த வலிதானா?

இல்லை. இதைப் படித்து முடிக்காமல் கிளம்புங்கள். சுகர், ஜுரம், விடாத தெறிப்பு மூன்றும் சேர்ந்தால் சீழ்க்கட்டி என்று நினைத்துத்தான் ஓட வேண்டும். களிம்பு, பத்து, ஒத்தடம் எதுவும் வேண்டாம். இன்றைக்கே அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் எதுவோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீழை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னும் சிலருக்கும் இதே அவசரம் உண்டு. உட்காரும் இடம் மரத்துப்போய் சிறுநீர் இறங்காவிட்டால் முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்தம் போவது, எடை இறங்குவது, மோஷன் பழக்கம் வாரக்கணக்கில் மாறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே காட்டுங்கள்.

காட்பாடி, ஆண், 39: பரிசோதனைன்னா இன்னா பண்ணுவாங்க? அதுக்கு பயந்துதான் ரெண்டு வருஷமா போவல. பஸ் ஸ்டாண்டு சுவத்துல போட்டிருக்கிற மூலம் பௌத்திரம் போர்டு ஆளுகிட்ட போலாமான்னு கீறேன்.

அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து உங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நீங்கள் டவுன் பஸ் ஏறினால் போதும்.

திரையை இழுத்து மூடுவார்கள். இடதுபக்கம் திரும்பிப் படுத்து முட்டியை மடக்கச் சொல்வார்கள். டாக்டர் கையுறை போட்டு, ஜெல்லி தடவிய ஒரு விரலை மெதுவாக விடுவார். 'மூச்சை வாயால விடுங்க' என்று பக்கத்தில் நிற்கும் எங்களில் ஒருத்தி சொல்வாள். ஒரு நிமிடம்தான். தேவைப்பட்டால் விரல் பருமனுள்ள குழாயை விட்டு லைட் அடித்துப் பார்ப்பார்கள். கூச்சமாக இருக்கும், வலி கொஞ்சம்தான். வெடிப்பு இருந்தால் மட்டும் வலிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 27 வருடத்தில் எத்தனையோ பேரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஒருவருடைய முகம்கூட அந்த இடத்தோடு சேர்த்து எனக்கு ஞாபகம் இல்லை.

சுவரில் போர்டு போட்டவரிடம் போனால் மூலம் இல்லாத இடத்தில் மூலத்துக்கு ஊசி போட்டுவிடலாம். இந்த வலிக்கு வெட்டவோ கட்டவோ அங்கே ஒன்றும் இல்லை.

திருப்பத்தூர், பெண், 33: இது ஆயுசு முழுக்க இருக்குமா? அடுத்தது எப்ப வரும்னு நெனச்சே தூக்கம் போவுதுக்கா.

அந்தப் பயம் வலியைவிட அதிக நேரம் இருக்கிறது, தெரியும். பலருக்கு வருடத்தில் ஒருசில தடவைதான் வரும், ஆபத்தான நோயாக மாறாது. மனஉளைச்சல் அதிகமான நாட்களில் கூடுவதாகச் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் ஏழு வருடம் கழித்துத்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'இத்தனை நாளா பாத்ரூம்ல தனியாவா கெடந்த' என்றார். அன்றிலிருந்து ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைப்பது அவர் வேலை.

அதே பெண்: உங்களுக்குக் கடைசியா எப்ப வந்துது?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ராத்திரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டப்பில் உட்கார்ந்திருந்தேன், 12 நிமிடம். அவர் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போச்சா, போச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனதும் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் இரண்டு பேரும் ரத்தினகிரிக்குப் போய்ப் படியேறினோம்.