தோட்டின் பின்பக்கம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஆன்லைனில் கவரிங், வெள்ளி நகை விற்கிறோம். சரக்கு சௌகார்பேட்டையில் எடுக்கிறோம். இப்போது கடையில் முந்நூறு நகை இருக்கிறது. போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். அவருக்குப் பார்வை கிடையாது. வளையல் வாங்கலாம் என்று கடைக்குள் வந்திருக்கிறார். "உன் கடைக்குள்ள வந்தா என் போன் 'இமேஜ், இமேஜ்'னுதாம்மா சொல்லுது. எது வளையல், எது கம்மல்னே தெரியல" என்றார். எனக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. கடைப் பக்கத்தைச் செய்து கொடுத்தவரிடம் கேட்டால், வருடம் பதினெட்டாயிரம் கட்டினால் பிளகின் என்று ஒரு கூடுதல் மென்பொருள் போட்டுவிடலாம், ஓரத்தில் சக்கர நாற்காலி பட்டன் வரும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? சட்டப்படி இது கட்டாயமா? இல்லை, பார்வையற்றவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் போட்டுவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

பிளகின் வாங்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, நிறத்தை மாற்றுவது, படித்துக் காட்டுவது எல்லாம் அந்த அக்காவின் போனிலேயே இருக்கிறது. அவர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் தன் ஸ்கிரீன் ரீடரோடுதான் உங்கள் கடைக்கு வருகிறார். பிளகினும் கூடவே பேசினால் இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் காதில் விழாது. படத்தைப் பார்த்துத் தானே விவரம் எழுதும் என்பார்கள். 'தங்க நிறக் காதணி, வெள்ளைப் பின்னணி' என்று எழுதும். அது திருகாணியா, கொக்கியா, எத்தனை கிராம் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு வரி நிரல் போட்டால் எந்தத் தளமும் தரத்துக்கு வந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்து, பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. உங்கள் பதினெட்டாயிரத்தைச் சரக்கில் போடுங்கள்.

சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதன் கீழ் ஐ.எஸ். 17802 என்ற தரநிலை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போன் செய்த வாடிக்கையாளர் அங்கே காத்திருக்க, நீங்கள் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள்.

தனிப் பக்கம் வேண்டவே வேண்டாம். வெள்ளி விலை ஏறும் நாளில் பெரிய பக்கத்தில் விலையை மாற்றுவீர்கள், அதில் மறந்துவிடுவீர்கள். மூன்றே மாதத்தில் அது பாழடைந்த வீடு.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்த 'இமேஜ், இமேஜ்' தான். இணையத்தில் நகை விற்பவர்கள் நகையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் புகார். 'அழகிய பாரம்பரிய ஜிமிக்கி, கல்யாண கலெக்‌ஷன், கலக்கல் லுக்!' இதில் ஜிமிக்கியைப் பற்றி என்ன தெரிந்தது? பார்வை உள்ளவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர் படத்தை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தக் குறை இல்லை. எட்டுக்கல் பேசரி என்றால் கல் எத்தனை, அணிவது மூக்கில் என்பது இரண்டும் வந்துவிட்டது. நெளி மோதிரம், முத்துக் கொலுசு, மாங்காய் மாலை, காசு மாலை, குடை ஜிமிக்கி. ஒவ்வொரு பெயரும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்து வைத்தது போல இருக்கிறது. இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 'நெக்பீஸ் 4', 'இயரிங் புதுசு' என்று பெயர் வைக்கிறீர்களே தங்கச்சி, இது நியாயமா?

அந்த அக்காவுக்கு என்ன கேட்டிருக்கும் தெரியுமா? படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தின் பின்னால் மறைவாக எழுதிவைக்கும் விளக்க வரி, இல்லாவிட்டால் சில நேரம் ஸ்கிரீன் ரீடர் 'இமேஜ்' என்று மட்டும் சொல்லும். சில நேரம் கோப்பின் பெயரையே படிக்கும். உங்கள் படங்கள் மொத்த வியாபாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்து அப்படியே ஏறியிருக்கும். 'ஐஎம்ஜி 20240812 டபிள்யூஏ 0017' என்பதை முந்நூறு தடவை கேட்டுப் பாருங்கள்.

எழுதும் முறை இது. ஆல்ட் டெக்ஸ்ட் வேறு, விவரம் வேறு. ஆல்ட் டெக்ஸ்ட் ஒரே வரி, அந்தப் படத்தில் தெரிவது மட்டும். 'எட்டுக்கல் தோடு, கீழே முத்து விளிம்புக் குடை ஜிமிக்கி, முன்பக்கம்'. அடுத்த படத்துக்கு 'அதே தோட்டின் பின்பக்கம், தண்டும் திருகாணியும்'. 'படம்' என்று தொடங்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். பூ, கோலம் மாதிரி அலங்காரப் படங்களுக்கு ஆல்ட் இடத்தை வெறுமையாக வையுங்கள். இடமே இல்லாமல் நீக்கிவிட்டால் மறுபடி கோப்புப் பெயர்தான்.

விவரத்தைக் காதிலிருந்து கீழே இறங்குகிற வரிசையில் எழுதுங்கள்:

'மேலே தோடு: நடுவில் ஒரு சிவப்புக் கெம்பு, சுற்றி ஏழு. அகலம் 14 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. தோட்டின் அடியில் வளையத்தில் தொங்கும் குடை: வாய் அகலம் 18 மில்லிமீட்டர், மேற்பரப்பில் தடவினால் தெரியும் வரிவேலை. விளிம்பில் மிளகு அளவு வெள்ளை முத்து 12, ஆடும்போது லேசாகச் சத்தம் வரும். மொத்த உயரம் 38 மில்லிமீட்டர். ஒன்று 7 கிராம். பின்னால் திருகாணி. ஜிமிக்கியைக் கழற்றித் தோட்டை மட்டும் போடலாம்.'

இதில் 'அழகிய' என்ற சொல் எங்கும் இல்லை, பாருங்கள். அளவுக்கு நாணயத்தை உவமை சொல்லாதீர்கள். ஒரு ரூபாயிலேயே பெரிதும் சிறிதும் புழங்குகின்றன. மிளகு, கடலை, நகம் போதும். நிறத்தையும் விடாதீர்கள். பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவரும் அரக்குப் புடவைக்குப் பொருத்தம் தேடுவார். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் வெறும் வண்ண வட்டம் போட்டால் கெம்பா பச்சைக்கல்லா என்று தெரியாது. வட்டத்தின் பக்கத்தில் பெயரை எழுதுங்கள். வெள்ளி என்றால் தூய்மையைச் சொல்லும் 925 போன்ற எண்ணையும் எழுதிவிடுங்கள், முத்திரையைத் தடவிப் படிக்க முடியாது.

பின்பக்கத்தை எல்லாரும் மறக்கிறார்கள். விரல் நடுக்கம் உள்ளவர், ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர், மூட்டுவலிக்காரர் இவர்களுக்குத் தோட்டின் முகத்தைவிட முதுகுதான் முக்கியம். திருகாணிக்கு ஒரு கை தோட்டைப் பிடிக்க வேண்டும், மறுகை மரை பிடிக்கும்வரை சுற்ற வேண்டும். அழுத்து வகை என்றால் ஒரே தள்ளு. சங்கிலிக்குக் காந்தக் கொக்கி வசதி, ஆனால் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் கழுத்தில் காந்தம் போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அதையும் எழுதுங்கள். காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி வைத்திருப்பவருக்கு மாட்டல் ஒரு தொல்லை. சங்கிலி காதுக்கு மேலேறிக் கூந்தலுக்குப் போகும் வழியில் கருவியில் மாட்டிக்கொள்ளும். மாட்டல் தனியே கழலுமா என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் அவர் வாங்குவார்.

வளையல் விஷயத்தில் உங்கள் கடை மட்டுமல்ல, எல்லாக் கடையும் தப்பு. 2.4, 2.6 என்று எழுதுகிறோமே, அது தசமப் புள்ளி கிடையாது. இரண்டு அங்குலமும், பதினாறில் நான்கு பங்கும். அதாவது உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 67. ஸ்கிரீன் ரீடர் 2.10-ஐ 'இரண்டு புள்ளி ஒன்று பூஜ்யம்' என்று படிக்கும், கேட்பவர் அது 2.4-ஐவிடச் சின்னது என்று நினைப்பார். உங்கள் அளவு வடிகட்டியும் அப்படியே நினைத்து 2.10-ஐ 2.4-க்கு முன்னால் அடுக்கும். இருப்பதிலேயே பெரிய வளையல் முதலில் வந்து நிற்கும், தப்பான அளவு போய்த் திரும்பி வரும். அளவின் பக்கத்தில் மில்லிமீட்டரைப் போடுங்கள், வரிசையை அந்த மில்லிமீட்டரை வைத்தே அடுக்கச் சொல்லுங்கள். அளக்கும் வழியும் வேண்டும்: கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் கையைக் குவித்து, விரல் முட்டிகளைச் சுற்றி நூல் விட்டு, நூலை அளந்தால் 18 சென்டிமீட்டர் வந்தால் 2.4, 19 என்றால் 2.6, 20 என்றால் 2.8, 21 என்றால் 2.10. கண் வேண்டாம், நூலும் தடவிப் படிக்கும் அளவுகோலும் போதும்.

மற்றவை சின்னச் சின்ன வேலை. விலையைத் தங்க நிறத்தில் வெள்ளைமேல் எழுதியிருப்பீர்கள், நகைக்கடை என்றால் அதுதான் வழக்கம். சிவப்பு 212, பச்சை 175, நீலம் 55 என்ற அந்தத் தங்கத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 2.1-க்கு 1 தான். குறைந்தது 4.5 வேண்டும். 138, 106, 0 என்று அடர்த்தியாக்கினால் 5 வந்துவிடும். பக்கத்தின் மொழிக் குறியீட்டைத் தமிழ் என்று மாற்றச் சொல்லுங்கள். ஆங்கிலம் என்று இருந்தால் சில குரல்கள் தமிழ் எழுத்தை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் படிக்கும். 'கார்ட்டில் சேர்' என்பது நிஜப் பட்டனா, பட்டன் மாதிரி வரைந்த பெட்டியா என்று பாருங்கள். பெட்டியாக இருந்தால் கீபோர்டில் டேப் அழுத்திப் போகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

'விலைக்கு அழைக்கவும்' என்று போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காது கேளாதவர் யாரை அழைப்பார்? விலையைச் சொல்ல என்ன வெட்கம்? லைவில் விற்கிறீர்கள் என்றால் 'இது முந்நூத்தம்பது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க' என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நகையின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் வாயால் சொல்லுங்கள், அட்டையிலும் எழுதிக் காட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, உங்கள் கடையிலேயே ஒரு மெட்டி வாங்குங்கள். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இரண்டு தட்டினால் தேர்வு. பணம் கட்டும் வரை போங்கள். ஓடிபி கட்டத்தில் கட்டாயம் சிக்குவீர்கள், அந்தக் கட்டத்துக்குப் பெயர்ச்சீட்டு வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முந்நூறு நகை, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் இருபத்தைந்து மணி நேரம். நாத்தனார் தராசும் ஸ்கேலும் வைத்துச் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் முடியும். வளையலில் ஆரம்பியுங்கள், அந்த அக்கா கேட்டது அதைத்தான். பத்து வளையல் எழுதியதும் அவருக்குப் போன் போட்டு, எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள்.